சூடு சொல்லாத முள்

எனக்கு எண்பத்து நான்கு வயது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. இரண்டு பேர் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். ஒன்பது பேரில் ஒருவர்கூட இன்றுவரை என்னைப் பார்த்து உனக்கு என்ன தெரியும் என்று கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொள்ளவும் இல்லை. எழுத்துக் கூட்டி பஸ்ஸின் பலகையைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடந்ததைப் புத்தகத் தமிழில் எழுது, பேச்சை மட்டும் பேசினவர்கள் வாயில் வந்தபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய காலத்தைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் கல்யாணத்தில் எத்தனை பந்தி, கழுத்தில் என்ன போட்டார்கள் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் எனக்கு மங்கிவிட்டது. மங்காமல் இருப்பது எங்கள் வீட்டுக் காரில் இருந்த ஒரு முள்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்து ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெட்ரோலுக்கு ரேஷன் சீட்டு வருவதற்கு முந்தின காலம், இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. சேலத்தில் ஒரு வக்கீல் ஓட்டி அலுத்த காரை என் மாமனார் வாங்கிக்கொண்டு வந்தார். கறுப்பு வண்டி, மடக்குகிற கூரை. ஓட்டுகிறது என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை வீடு மெழுகி முடித்ததும் வண்டியைத் துடைப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். துடைக்கிற சாக்கில் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்க்கலாம் அல்லவா?

ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் வட்டக் கண்ணாடிகள் வரிசையாகப் பதித்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முள். கடைசிக் கண்ணாடியைக் காட்டி ஒருநாள் அவரைக் கேட்டேன்.

"இது என்னங்க?"

"எஞ்சின்ல இருக்கற தண்ணி சூடாகறதெக் காட்டற முள்ளு."

"தண்ணி முன்னால இருக்குது, முள்ளு இங்க இருக்குது. இதுக்கு எப்படீங்க தெரியும்?"

"அங்கிருந்து சின்னதா ஒரு குழாய் வருது பாரு, அதுல தெரியும்."

"குழாய்க்குள்ள தண்ணி வருதுங்களா?"

"தண்ணி இல்ல, என்னமோ ஸ்பிரிட்டாமா. ஒர்க்‌ஷாப்புல சொன்னாங்க."

"அது சூடானா என்ன பண்ணும்?"

"என்னெக் கேட்டா? எனக்கு ஓட்டத்தான் சொல்லிக்குடுத்தாங்க அம்மிணி."

அந்தக் குழாய் செம்பு, ஈர்க்குக் கனம்தான் இருக்கும். பலகைக்குப் பின்னால் நுழைந்து எஞ்சின் பக்கம் போய், தலைப்பக்கத்தில் ஒரு திருகு மரைக்குள் இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. உலை கொதித்தால் பானையின் மூடி துள்ளுகிறது. மூடியை அழுத்திக் கட்டிவிட்டு ஒரே ஒரு ஈர்க்குச் சந்து மட்டும் விட்டால், அந்தத் துள்ளல் முழுவதும் சந்து வழியாகத்தானே வரவேண்டும்? வந்து முள்ளைத் தள்ளுமோ? சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை. நானே வைத்துக்கொண்டேன்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எருமப்பட்டியில் இருந்தாள். களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு ஆகிவிட்டாள். மாட்டுவண்டி கட்டிப்போனால் வழியில் ஓர் இரவு தங்கவேண்டும், வரும்போது இன்னொன்று. பண்ணையம் நடக்கிற வீட்டில் மருமகளை அத்தனை நாள் யார் விடுவார்கள்? கார் வந்த பிறகு காலையில் போய்ப் பொழுது சாய வந்துவிடலாம் என்று ஆயிற்று. அமாவாசையில் எங்கள் பக்கம் எருது பூட்டமாட்டார்கள், வேலையும் குறைவு. அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக மாமனார் அனுமதி கொடுத்தார். என் மாமியார், "அமாவாசைக்கு எருதெப் பூட்டக்கூடாதுன்னா காரெ மட்டும் பூட்டலாமா?" என்று கேட்டார். "அதுக்குக் கொம்பிருக்குதா, கொளம்பிருக்குதா? போகட்டும் போ" என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிறவர், எதையும் தீர்ப்பாகத்தான் சொல்லுவார்.

அப்படி மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் கேடு வந்தது.

மாமனார் ஒரு காதுகுத்துக்காக ஆத்தூர் போனார். போகிற ஏற்றத்தில் வண்டி குபுகுபுவென்று ஆவி கக்கி நின்றுவிட்டது. சூட்டு முள் அப்போதும் இடதுபக்கம் குளிர்ச்சியில் படுத்துக் கிடந்ததாம். காதுகுத்து வீட்டார் பார்க்க, சோளத்தட்டு ஏற்றிவந்த மாட்டுவண்டியில் தட்டுமேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆறின காரை என் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்தார். திரும்பி வந்த மாமனார் வேட்டியில் ஒட்டியிருந்த சருகைக்கூடத் தட்டவில்லை.

"தண்ணி கொதிக்குது, முள்ளு குளுருதுங்குது. பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி சொல்றவனெ நான் பஞ்சாயத்துலயே நிக்கவுடமாட்டேன், ஊட்ல வெச்சுக்குவனா? ஆத்தூர்ல அரிசிமில்காரரு ஒருத்தரு கேட்டாரு. அமாவாசை கழிஞ்சு வந்து ஓட்டிட்டுப் போகட்டும்."

நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி போனால் என் அம்மாவின் முகமும் போனமாதிரிதான்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துவிட்டு, "முள்ளு செத்துப்போச்சு. மெட்ராஸ்ல இருந்து புதுசு வரோணும். வர்றதுக்குள்ள வண்டி ஆத்தூர் போயிரும்" என்றார்.

மறுநாள் அவர் ராசிபுரம் போய்வந்தார். வண்டியை நிறுத்தியதும் நான் ஓடிப்போய் முன்பக்கத்து ரேடியேட்டரின் பித்தளைத் தலையில் கை வைத்தேன். கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. உள்ளே ஏறிப் பார்த்தால் முள் தூங்குகிறது. அவர் குளிக்கப் போனார், சாப்பிடப் போனார். நான் வண்டியைத் துடைக்கிறேன் என்று அங்கேயே இருந்தேன். வெகுநேரம் கழித்துப் பார்த்தேன், பித்தளை ஆறிக்கொண்டிருக்கிறது, முள்ளோ விரல் நகம் அளவு மேலே வந்திருக்கிறது.

செத்த முள் அசையுமா?

அன்றைக்குச் சோறு வடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பானையைக் கனத்த துணியால் பிடித்தால் எடுத்ததும் சுடாது. நாலடி நடந்த பிறகு, துணி வழியாகச் சூடு வந்து சேர்ந்த பிறகுதான் சுடும். முள்ளுக்குச் சூடு நேரம் கழித்துப் போகிறது என்றால் நடுவில் துணி மாதிரி ஏதோ இருக்கவேண்டும்.

அவரிடம் சொன்னேன். "எஞ்சினுக்குள்ள எவ போயி துணி சுத்துனா?" என்று சிரித்தார்.

"துணின்னு சொல்லலீங்க, துணியாட்டம். அந்தக் குழாயக் கழட்டிச் சுடுதண்ணியில வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது. வண்டிதான் போகப்போகுதே, கழட்டிப் பாத்தா என்னங்க?"

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடித்தது. கழற்றிப் பார்க்க அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

முதலில் குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று நான் விரலால் தடவிக்கொண்டே போனேன். எங்கும் மடிப்பில்லை. பெட்ரோல் வண்டியின் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று அவர் சொன்னதால், கிணற்றடியில் மூன்று கல் கூட்டி உலை வைத்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "காருக்குச் சோறாக்கறயா அம்மிணி?" என்றார்.

"கஞ்சி மட்டுந்தானுங்க அத்தை."

"உப்புப் போட்டு ஊத்து. உங்க மாமந்தான் கோவத்துல சரியாத் திங்கறதில்ல, அதாவது நல்லாத் தின்னட்டும்."

ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவர் ஸ்பேனர் போட்டு மரையைத் திருகினார். அசையவில்லை. விளக்கெண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி திருகியபோது முனகிக்கொண்டு வந்தது. குழாயின் முனையில் சுண்டுவிரல் மாதிரி ஒரு செம்புக் குமிழ் இருக்கும் என்று சொல்லியிருந்தார். வெளியே வந்தது குமிழ் இல்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி. கட்டைவிரல் பருமன் இருக்கும். மேலே வழவழப்பு, உள்ளே கல். அவர் முகர்ந்து பார்த்தார். எனக்கு முகரவே தேவைப்படவில்லை. மஞ்சள் வேகவைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அது மாமனாரின் மஞ்சள்.

நடந்தது இதுதான். வண்டி வாங்கிய புதிதில் ரேடியேட்டரில் எங்கோ ஊசிமுனை ஓட்டை இருந்து தண்ணீர் கசிந்தது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று சேலத்தில் யாரோ சொன்னார்கள். அடைத்துக்கொள்ளவும் செய்தது. மாமனாருக்குத் தன் மஞ்சளைப் பற்றி அவ்வளவு பெருமை. மண்டியில் அவர் மூட்டையைத்தான் முதலில் பிரிப்பார்கள். "நம்ம ஊட்டு மஞ்சளுக்கு என்ன கஞ்சத்தனம்?" என்று அமாவாசைக்கு அமாவாசை, வண்டிக்குத் தேங்காய் உடைத்த கையோடு மூடியைத் திறந்து ஒரு பிடி போட்டுவந்தார். வீட்டில் மஞ்சளுக்குக் குறைவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அது அத்தனையும் சூட்டில் வெந்து, எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரோடு இறுகி, இந்தக் குமிழைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. மீதி ரேடியேட்டரின் குழாய்களில் அடைத்து வண்டியைக் கொதிக்கவைத்திருந்தது. கொதித்ததற்கும் முள் சொல்லாததற்கும் ஒரே காரணம்.

அவர் கட்டியைத் தட்டி உடைக்கப் போனார். நான் தடுத்தேன். "இருங்க. அதோடயே ஒருதரம் தண்ணியில வையுங்க. அப்பறம் உரிச்சுட்டு வையுங்க. ரெண்டும் பாக்கோணும்."

குழாய் தரைக்கு எட்டாது. அதனால் அவர் கொதிக்கும் தண்ணீரைச் சொம்பில் மொண்டுவந்து, துணியோடு பிடித்து, எஞ்சின் விளிம்பில் வைத்துக் குமிழை முக்கினார். முள்ளைப் பார்க்க ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

"ஏறுதா?"

"இல்லீங்க."

"இப்ப?"

"தூங்குது."

"சொம்பு கையெச் சுடுது, சீக்கிரம் சொல்லு."

"இப்பத்தானுங்க கண்ணெத் தொறக்குது."

பிறகு கட்டியைப் பெயர்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்தார். செம்பு பளிச்சென்று வந்தது. உலையிலிருந்து புதிதாக மொண்ட தண்ணீரில் முக்கினார். முள் எழுந்து போன வேகத்தில் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரோ கூப்பிட்டு எழுந்த மாதிரி எழுந்து, வலதுபக்கம் போய் நின்றது. எடுத்தால் இறங்கியது. மறுபடி முக்கினால் ஏறியது. ஓர் ஈர்க்குக் குழாய்க்குள் எதுவோ போய்வருகிறது. அது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் முள்ளைத் தள்ளுகிறது. போதும் போதும் என்று அவர் சொல்லியும் நான் விடவில்லை.

கண்ணாடியில் இங்கிலீஷ் எண்கள் இருந்தன. அவை எனக்கு ஆகாது. அதனால் பிள்ளை குளிக்கிற பதத்தில் ஒரு சொம்பு, அரிசி போடுகிற உலைப் பதத்தில் ஒன்று, பொங்குகிற பதத்தில் ஒன்று என்று கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து மனசில் வைத்துக்கொண்டேன். குளியல் சூடு, உலைச் சூடு, பொங்கு சூடு. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மூன்று இடமும் தெரிகிறது.

இனி மாமனாரிடம் சொல்லவேண்டும். உங்கள் மஞ்சளால்தான் என்று எப்படிச் சொல்லுவது? சொன்னால் கோபத்தில் அன்றைக்கே வண்டியை அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் அடுத்த அமாவாசைக்கு இன்னொரு பிடி போடுவார்.

"நீயே சொல்லு, உனக்குத்தான் நாக்கு நீளம்" என்று என் வீட்டுக்காரர் நழுவிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் மருமகள் மாமனாரோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. பிள்ளையிடம் சொல்லுவதுபோலச் சொன்னால் அவர் காதில் விழும். அவரும் பிள்ளையிடம் பதில் சொல்லுவார். என் மூத்த பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கட்டியை அவள் கையில் கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் போய்க் கதவோரமாக நின்றேன்.

"சாமி, தாத்தாகிட்டச் சொல்லு. முள்ளு பொய் சொல்லலியாமா. அது மேல போர்வை போத்திக் கிடந்துச்சாமா. போர்வைக்குள்ள இருக்கறவளுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்னு கேளு."

பிள்ளை கட்டியை வாயில் வைக்கப் போனது. மாமனார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"கண்ணு, உங்கம்மாகிட்டக் கேளு. இது நம்ம மஞ்சளா?"

"ஆமாமுங்களாம்னு சொல்லு சாமி."

மாமனார் கட்டியைத் தரையில் ஓங்கிப் போட்டார். உடையவில்லை. எடுத்து மறுபடி போட்டார். அப்போதும் உடையவில்லை.

"எப்படிப் புடிச்சிருக்குது பாரு, கருங்கல்லாட்டம். வேற எவன் ஊட்டு மஞ்சளும் இப்படிப் புடிக்காது" என்றார்.

என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

"உங்கம்மாகிட்டச் சொல்லு கண்ணு. அமாவாசைக்கு நானும் வாரேன். சாட்சிய நானே விசாரிக்கறேன். உண்மை சொன்னா வண்டி இருக்கட்டும். இல்லீன்னா ஆத்தூருக்குத்தான்."

பித்தளைக்குப் புளி என்பது எல்லாருக்கும் தெரியும். புளியைக் கரைத்துச் சூடாக ஊற்றி ஊற்றி ரேடியேட்டரைக் கழுவினோம். மஞ்சள் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் போனதும் பழைய ஓட்டை திறந்துகொண்டது. பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைக்கிறவரைக் கூப்பிட்டு அதை அடைத்தோம்.

ஆனி மாதத்து அமாவாசை. காற்று கிளம்பிவிட்டிருந்தது. மாமனார் முன்னால் உட்கார்ந்தார். அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல், கண்ணாடிக்குள் முள் தெரியாது. நான் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்து, இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எங்க நிக்குதாமா?" என்று அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

"குளியல் சூடுன்னு சொல்லு சாமி" என்பேன்.

ராசிபுரம் தாண்டி உலைச் சூடு வந்தது. அங்கேயே நின்றது. நாமக்கல் மலைக்கோட்டை தெரிந்தது, நெருங்கியது, பின்னால் போனது. முள் அசையவில்லை. எனக்கு மூச்சு சீராக வந்தது. நாமக்கல்லை விட்டுக் கிழக்கே எருமப்பட்டிப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். முள் மெல்ல ஏறத் தொடங்கியது.

சமமான ரோடு. ஏற்றமில்லை, பாரமில்லை. ஏன் ஏறவேண்டும்? சொன்னால் வண்டி மறுபடி கெட்டது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் ஆவி கக்கும், முள் பொய்ச்சாட்சி ஆகிவிடும். எனக்கு வண்டியும் வேண்டும், முள்ளும் வேண்டும்.

"எங்க நிக்குதாமா?"

"பொங்கு சூட்டுக்குப் போகுது, நிறுத்தச் சொல்லு சாமி."

"இன்னும் கொஞ்சந்தான், போயிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்துடா" என்றார் மாமனார்.

ஒரு புளியமரத்தடியில் நின்றோம். மாமனார் இறங்கி முன்னால் போய்ப் பித்தளையின் மேல் துண்டைப் போட்டுத் தொட்டார், கையை உதறிக்கொண்டார். "கொதிக்குது. சாட்சி சரியாத்தான் சொல்லுது. ஆனா எதுக்குக் கொதிக்குது?"

மூன்று பேரும் யோசித்தோம். தண்ணீர் சொட்டவில்லை, ஈயம் பிரியவில்லை. அப்போது காற்று அவருடைய துண்டைப் பிடுங்கி வண்டிக்கு முன்னால், எருமப்பட்டிப் பக்கமாக, உருட்டிக்கொண்டு போயிற்று. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துவந்தார். மாமனார் வாங்கித் தோளில் போடாமல், மறுபடி உயர்த்திப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார்.

"டேய், காத்து நம்ம முதுகுல அடிக்குதுடா. நெல்லுத் தூத்தும்போது காத்துக்கு முதுகு குடுத்து நின்னா முறத்துக்கு ஏதுடா காத்து? வண்டி காத்தோட ஓடுது. அது மூஞ்சிக்குக் காத்தே படல. திருப்பு."

"ஊட்டுக்குங்களா அப்பா?"

"ஊட்டுக்கு எதுக்குடா? மூஞ்சியத் திருப்பி நிறுத்து."

வண்டியை மேற்கே பார்க்கத் திருப்பி, எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினோம். காற்று அதன் முகத்தில் அடித்தது. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கு சூட்டின் வாசலில் இருந்து இறங்கி, உலைச் சூட்டுக்கு வந்து, அதற்கும் கீழே போயிற்று. பார்த்த அத்தனையும் பிள்ளையிடம் சொன்னேன். மாமனார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு காற்றுக் காலத்தில் அந்தப் பாதையில் போகும்போதெல்லாம் நடுவில் ஒருமுறை திருப்பி நிறுத்துவது எங்கள் பழக்கமாயிற்று. எதிரே வருகிறவர்கள் எதையோ மறந்துவிட்டுத் திரும்புகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மா உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கட்டியிலிருந்து புளியமரம்வரை சொன்னேன். இடுப்பு வலியோடு சிரித்தாள். மாமனார் மோர் குடித்துவிட்டு வாசற்படி அருகே வந்து நின்று, உள்ளே பார்க்காமல் பேசினார்.

"சம்பந்தியம்மா, ஒடம்பு தேவலீங்களா?"

"இருக்கறேனுங்க சாமி. வண்டிய விக்கப்போறதாச் சொல்லிக்கிட்டாங்களே. இனி எம்பொண்ணெப் பாப்பனோ என்னமோன்னு இருந்தனுங்க."

"விக்கலீங்க. ஆத்தூர்க்காரருக்கு ஆள் உட்டுச் சொல்லீர்றேன்."

"அடுத்த அமாவாசைக்கும் வருவாளுங்களா?"

"வராம? எனக்குக் கண்ணு தெரியறதில்ல, இவன் நிறுத்துன்னாலும் நிறுத்தறதில்ல. முள்ளெப் பாக்கறதுக்கு வேற ஆளு இல்லீங்க. அவ ஏறலீன்னா வண்டி பொறப்படாது."

அம்மா என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். அவள் இருந்தவரைக்கும் போய்வந்தேன். சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் வண்டி கொட்டகையில் நின்றபோது அவள் இல்லை.

அவ்வளவுதான். கண்ணு, பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து ஒருதரம் வாசி பார்ப்போம். மெதுவாக வாசி, எனக்கு அவசரமில்லை.